நாற்பத்தொரு கைகள்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க வாய் கூசுகிறது. மருத்துவமனையிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகாதவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வருகிறது.

போனில் பேசியிருக்கலாம். உன் போன் அடித்தாலே அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அவர் பக்கத்தில் இருந்தால் நீ "ஒண்ணும் இல்லடி, சாப்பிடாம நின்னுட்டேன், அதான்" என்பதைத் தாண்ட மாட்டாய். அதனால்தான் தையல் கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். நீ மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டாயாமே. அதற்குத் தனியாகத் திட்டு இருக்கிறது, பிறகு வாங்கிக்கொள்.

எல்லாம் வாலுதான் சொன்னாள். உன் மகளுக்கு ரகசியம் தங்காது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. சீருடைத் துணியை நாற்பது அடுக்கு போட்டு வெட்டிக்கொண்டிருந்தபோது மேசைமேலேயே சாய்ந்துவிட்டாயாம். வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததாம். பக்கத்தில் நின்ற பெண் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாளாம். "அம்மா கைக்கும் பிளேடுக்கும் ஒரு சாண்கூட இல்ல சித்தி" என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒன்று. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு! இரண்டு பை ரத்தம் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

ஏன் அக்கா இவ்வளவு தூரம் முற்றவிட்டாய்? மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறாய் என்று வாலு சொல்கிறாள். நகமெல்லாம் வெளுத்திருந்ததாம். மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதுகூடவா தெரியாது? ஊரில் இருக்கிற எல்லோருடைய சட்டைக்கும் அளவு தெரிகிறது, உன் உடம்பு மட்டும் உனக்கு எப்போதும் இளக்காரம்.

சரி. நீ மனசில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பதை நானே எடுத்துவிடுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன் வந்திருந்தபோது, தீப்பெட்டி என்று நாங்கள் கூப்பிடுகிற அந்தக் குட்டிக் கருவியை உன் மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தேன். ஊசி குத்தாமல், எட்டு நிற வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, திரும்பி வருவதை வைத்தே ரத்தத்தை அளக்கிற கருவி. அது உனக்குப் பன்னிரண்டு புள்ளி நாலு காட்டியது. இப்போது ஆறு என்கிறார்கள். கருவி தப்பு என்று யாருக்கும் தோன்றும்தான். ஆனால் ஐந்து மாதம் சின்னக் காலமா? அதற்குள் எவ்வளவோ குறையலாம். அன்றைக்கு நீ பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாய். கருவியின் பட்டையைச் சரியாக ஒட்டினோமோ இல்லையோ. வாலு வேறு நடுவில் வந்து ஆட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் சோதித்துப் பார்த்த கருவி அக்கா, சும்மா விளையாட்டுச் சாமான் இல்லை.

இன்னும் பதினேழு நாளில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் தலையை ஆட்டினால் ஐந்நூறு சுகாதார நிலையங்களுக்குத் தீப்பெட்டி போகும். எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவரான மேடம் இதற்காக ஏழு வருஷம் உழைத்திருக்கிறார். அதனால் ஒரு சின்ன உதவி. டாக்டர் ஏதாவது கேட்டால், வீட்டில் ஒரு கருவி வைத்துப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டாம். சோதனையில் இருக்கிற கருவியை நான் பையில் போட்டு எடுத்து வந்ததே விதிப்படி தப்பு. உனக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வாயாடி


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நாலு வரி நேற்று வந்தது. முதலில் ஒரு காரியம் செய். நான் முன்பு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதில் உன்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

"டாக்டர் ரெண்டு தடவ கேட்டாரு, இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்தீங்களான்னு. இல்லன்னு அப்பவே சொல்லிட்டேன். உன் பேரு கெடக் கூடாதுல்ல. நீ கவலப்படாம உன் வேலயப் பாரு" என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்பதற்கு முன்பே செய்திருக்கிறாய். இரண்டாவது பை ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது என் பேரைக் காப்பாற்றியிருக்கிறாய். அதைப் படித்தபோது யாரோ என்னைச் செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

இன்று காலை ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். விடுமுறை, ஒருவரும் இல்லை. தீப்பெட்டியை எடுத்து என் கையில் ஒட்டினேன். துடைத்து, காய வைத்து, பட்டையை இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் பன்னிரண்டரைக்கு மேல். பிறகு கீழ்த்தளத்தில் ஞாயிறும் திறந்திருக்கிற பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் கொடுத்தேன். ஒன்பது புள்ளி எட்டு. என் கையில் ஈரம் இல்லை, வாலு ஆட்டவில்லை, நடுவில் ஐந்து மாதமும் ஓடவில்லை. கால் மணி நேரம்தான் இடைவெளி.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டால் மறுபடி எழுத மாட்டேன்.

தீப்பெட்டிக்கு அளக்கத் தெரியாது, நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். ஒருவர் கையில் ஒட்டி வெளிச்சத்தை அளப்போம், அன்றே ஊசியிலும் ரத்தம் எடுப்போம். இன்ன வெளிச்சம் திரும்பினால் இன்ன ரத்தம் என்று கணினி அதிலிருந்து கற்றுக்கொள்ளும். அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு கைகள். ரத்தம் வெளிச்சத்தைக் குடிக்கிறது. தோலில் இருக்கிற கருமையும் குடிக்கிறது. எது எவ்வளவு குடித்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் கணினி எல்லா நிறக் கைகளையும் பார்த்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே மேடம் இதைப் பலகையில் எழுதிப்போட்டார். அந்தப் பலகைக்கு எதிரில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு கையையும் படம் எடுத்து வைப்போம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அந்தப் படங்களைப் பெரிய திரையில் போட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருக்கிறான். எதையும் அழிக்காமல் எல்லாவற்றையும் எழுதி வைப்பவன், அதனால் சித்திரகுப்தன் என்று பேர். நல்லவன், என் நண்பன்தான். என் கை திரையில் வந்ததும் அவன், "யாராவது லைட்டப் போடுங்கப்பா, ஒண்ணும் தெரியல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? "எனக்கே தடவிப் பாத்தாதான்டா தெரியுது" என்று நானே ஒன்று சேர்த்துப் போட்டேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

உனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நாம் இருவரும் அப்பாவை உரித்து வைத்த நிறம். யாராவது வாயைத் திறந்தால் நீ, "எங்க மேல அழுக்குப் பட்டாலும் தெரியாது, சோப்பு மிச்சம்" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். நான் அப்படி இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோரையும் முந்திக்கொண்டு சிரிப்பேன். ஏன் எப்போதும் முழுக்கை என்று யாராவது கேட்டால் தோலில் ஒவ்வாமை என்பேன். தோலையும் வெளிச்சத்தையும் ஆராய்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய்யைப் பார்.

அடுத்த வாரம், அளவுகளைச் சுத்தம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. சரியாக ஒட்டாத கைகளிலிருந்து வெளிச்சம் குறைவாகத் திரும்பும். அதனால் இன்ன அளவுக்குக் கீழே வந்தால் நீக்கிவிடு என்று ஒரு வரம்பு வைப்போம். வரம்பு எட்டு சதவீதத்தில் இருந்தது. வரைபடத்தில் ஒவ்வொரு கையும் ஒரு புள்ளி. என் புள்ளி அடியில் கிடந்தது. வரம்பைப் பத்தாக்கினேன், போகவில்லை. பன்னிரண்டாக்கினேன், போகவில்லை. பதினான்கில் போயிற்று. என்னோடு இன்னும் நாற்பது பேர் போனார்கள். அவர்கள் கைகளைப் படத்தில் பார்த்தேன் அக்கா. பார்க்காமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. எல்லாம் நம் நிறம். என் கையை எவ்வளவு கவனமாக ஒட்டினேன் என்று எனக்குத் தெரியும். இருந்தும் நாற்பத்தொரு வரிசைக்கும் நேராக "சரியாக ஒட்டவில்லை" என்று எழுதினேன்.

அவர்கள் போனதும் மிச்சப் புள்ளிகள் பிடித்துவைத்த நூல்போல நேராக நின்றன. மேடம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் கண்ணுக்கு லட்சணமா இருக்கு" என்றார். அவர் வரைபடத்தைத்தான் சொன்னார். அந்தப் படம்தான் ஆய்விதழில் வந்தது. உனக்குக்கூட அனுப்பினேன், நீ தையல் கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்தாயாமே. அதையும் கிழித்துவிடு.

பிறகு, செவிலியர்களுக்குத் தொல்லையாக இருக்கிறதென்று, "மறுபடி ஒட்டவும்" என்ற அறிவிப்பைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டோம். வெளிச்சம் குறைவாகத் திரும்பினால் விளக்கைக் கூட்டிக்கொண்டு எப்படியாவது ஓர் எண் சொல்லிவிடும். நம் மாதிரிக் கையை அது பார்த்ததே இல்லை. கருமை குடித்த வெளிச்சத்தையும் ரத்தம் குடித்ததாக எண்ணிக்கொள்ளும். ஆறு இருந்தாலும் பன்னிரண்டு என்று சொல்லும். உனக்கு அப்படித்தான் சொன்னது.

அன்றைக்கு நீ என்னை ஒன்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? "டியூப் லைட்ல கருநீலமும் கருப்பும் ஒண்ணாத்தான் தெரியும், நான் ஜன்னலுக்குத் தூக்கிட்டுப் போய்தான் பாப்பேன். உன் பெட்டி எந்த வெளிச்சத்துல பாக்குது?" என்று கேட்டாய். ஏழு வருஷத்தில் எங்களை யாரும் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். எட்டு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாததுகூட இருக்கிறது என்று உனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

அதற்குப் பிறகு செய்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில், பொது மருத்துவமனையில் நீ வாங்கி வைத்திருந்த சீட்டு ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதரை. மூன்று வாரம் காத்திருந்து வாங்கியது என்றாய். நான்தான் அதை எடுத்து, "பன்னெண்டரை இருக்கு, இதெல்லாம் எதுக்கு? உனக்கு வந்திருக்கறது ரத்தசோகை இல்ல, சோம்பேறித்தனம்" என்று சொல்லிக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அத்தான்கூட "மெஷினே சொல்லிடுச்சு, இனிமே யாரும் மூச்சு வாங்கக் கூடாது" என்று கேலி செய்தார். நீயும் சிரித்தாய். அப்படிப்பட்ட நான், ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று உன்னைக் கேட்டு எழுதினேன்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. நிறத்துக்காக இத்தனை வருஷம் பட்ட வெட்கத்தில் ஒரு தப்பும் நான் செய்திருக்கவில்லை. இப்போது படுகிற வெட்கம் முழுக்க நானே சம்பாதித்தது.

ஒன்று மட்டும் உடனே செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கு வாலுவும் கையை நீட்டினாள், அவளுக்கும் பன்னிரண்டு காட்டியது. அந்த எண்ணை நம்ப வேண்டாம். அத்தானுக்குப் போன் செய்து, குடும்பத்தில் இருக்கிற கோளாறு, குழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அதற்கும் தைரியம் வரவில்லை. நாளைக்கு மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். குழு வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

நீ என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
நான்தான்


திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தைய கடிதம் போட்டு ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன், அது பொய். தினமும் தபால்காரர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்கிறேன்.

வாலுவின் பரிசோதனைத் தாளை மட்டும் யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். ஒன்பது புள்ளி நாலு. அதோடு ஒரு வார்த்தை இல்லை, ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. நீயா அனுப்பினாய், அத்தானா என்று தெரியவில்லை. அவளுக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவளே போனில் சொன்னாள். "கசக்குது சித்தி" என்றாள். எப்போதும்போலத்தான் பேசினாள். நீ அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன்.

நாளைக்கே மேடத்திடம் சொல்வேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா? சொல்லவில்லை. திங்கள், அவர் வெளியூர். செவ்வாய், அறையில் ஆள் இருந்தது. புதன், அவருக்குத் தலைவலி. இப்படியே நாளை ஓட்டினேன். குழுவுக்குக் காட்டும் படங்களில் எழுத்துப்பிழைகூடத் திருத்திக் கொடுத்தேன். குழு வருவதற்கு முதல் நாள் வியாழக்கிழமை காலையில்தான் போனேன். அதுவும் தைரியத்தில் இல்லை. நாற்காலிகளை எண்ணிப் போடச் சொன்னார்கள், நாற்பத்தொன்று வந்ததும் அதற்குமேல் எண்ண வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய் அவர் எதிரில் நின்றேன்.

எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "எவ்ளோ நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டார். "பதினோரு நாளா மேடம்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல மேடம், ரெண்டு வருஷமா" என்றேன். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அந்த நாப்பத்தோரு பேரோட ரத்தம் எடுத்த ரிசல்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. சித்திரகுப்தன் எதையும் அழிப்பதில்லை. மேடம் அவனை அழைத்து அந்தக் கைகளைத் தேடி எடுக்கச் சொன்னார். அவனுக்குக் காரணம் தெரிய வேண்டுமே, அந்த லைட் கதையைச் சொன்னேன். அவன் முழித்தான். "எந்த ஜோக்கு?" என்றான். நடிக்கவில்லை அக்கா, நிஜமாகவே ஞாபகம் இல்லை. ஒரு நாள் ஒரு நிமிஷம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போயிருக்கிறான். நான் அதை இரண்டு வருஷம் சுமந்து, ஒரு கருவிக்குள் கொண்டுபோய் வைத்து, உன் கைவரை கொண்டு வந்து சேர்த்திருக்கிறேன். அவன்மேல் பழி போட ஆசையாகத்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு அதுவும் முடியவில்லை. வரம்பை ஏற்றியது அவன் விரல் இல்லையே.

நாற்பத்தொரு பேரில் பதின்மூன்று பேருக்கு ரத்தசோகை இருந்திருக்கிறது. தீப்பெட்டியிடம் கேட்டால் அதில் பதினொரு பேரை நன்றாக இருப்பதாகச் சொல்கிறது. மேடம் அன்று மத்தியானமே குழுவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆய்விதழ்க் கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார். அதில் முதல் பேர் அவருடையது. அவர் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். நிற்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

என்மேல் விசாரணை நடக்கிறது. அளவுகளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை இருக்குமா என்று தெரியாது. அதைப் பற்றி எழுதி உன்னிடம் இரக்கம் சம்பாதிக்க விருப்பம் இல்லை.

இப்போது வேறொரு வேலை செய்கிறேன், நானே கேட்டு வாங்கினேன். இரண்டு சுகாதார நிலையங்களில் தீப்பெட்டியை முன்னோட்டமாக ஏற்கனவே கொடுத்திருந்தோம். அறுநூற்று நாற்பது பேருக்குப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு ஊசியில் பார்க்க வேண்டும். வராதவர்களைத் தேடி ஒரு செவிலியரும் நானும் தெருத் தெருவாகப் போகிறோம். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. நேற்று ஒரு வீட்டில், பேருந்து கழுவுகிற பெண். "அன்னிக்கி நல்லாருக்குன்னு சொன்னீங்களே, இன்னிக்கி ஏன் குத்தறீங்க?" என்று கேட்டாள். கருவியில் கோளாறு என்று சொன்னேன். செவிலியர் பையை மூடிக்கொண்டே, "கோளாறு தானா வந்துச்சாக்கும்" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் தன் கையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "உனக்குமா இப்படி?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு ஏழு புள்ளி இரண்டு. ஆறு மாதமாக, சோம்பல் என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பாதிப்பு அறிக்கை என்று பேர். கருவி தவறாகச் சொன்னதால் சிகிச்சை தாமதமான ஒருவருடைய விவரம் முழுதாக வேண்டும் என்கிறார்கள். அது இருந்தால்தான் மற்ற ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் எச்சரிக்கை போகும். இந்த மாதிரி வெளிச்சத்தால் அளக்கிற கருவிகளை இன்னும் எத்தனையோ பேர் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் மேசையிலும் நம் கைகள் ஒதுக்கப்பட்டுக் கிடக்கலாம். எனக்குத் தெரிந்து முழு விவரம் இருக்கிற ஆள் நீதான். டாக்டரிடம் நீ இல்லை என்று சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அத்தானுக்கும் தெரிந்துவிடும். அவர் வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. எனக்காக நீ ஒரு பொய் சொன்னாய், இப்போது எனக்கெதிராக உண்மையைச் சொல் என்று கேட்கிறேன். இதையும் உன்னிடமேதான் கேட்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் போட மனசில்லை என்றால் வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்பு. வேறு யாரையாவது தேடிக்கொள்கிறார்கள். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று எல்லா இடத்தையும் நானே நிரப்பியிருக்கிறேன். உன் வயது, கருவி காட்டிய எண், ஊசி காட்டிய எண், தேதி எல்லாம் சரியா என்று ஒருமுறை பார். தப்பாக இருந்தால் அடித்துவிட்டு எழுது. நான் எழுதியதை நம்ப வேண்டியதில்லை, உன் கண்ணால் பார்.

இரண்டாம் பக்கத்தின் அடியில், அளவு எடுத்தவர் யார் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே என் பேர். அதற்குக் கீழே, பாதிக்கப்பட்டவருக்கு அவர் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் வெறுமையாக விட்டுவைத்தேன். கடைசியில் "தங்கை" என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன், நீ அழிக்க நினைத்தால் தாள் கிழியாமல் அழியும். மற்றது எதை வேண்டுமானாலும் அடி அக்கா, மாற்று, என்னைப் பற்றி இன்னும் கடுமையாக எழுது. அந்த ஒரு சொல்லின்மேல் மட்டும், முடிந்தால், பேனாவால் ஒருமுறை எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
நான்